கண்ணுக்கு உச்சவரம்பு

செல்வரத்தினத்தின் இடது கண்ணில் புரை விழுந்த அதே மாதத்தில்தான் கம்பனிக்கு அவருடைய ஆரோக்கியத்தில் அக்கறை பிறந்தது. இரண்டும் ஒன்றாக வந்தது தற்செயல்தான். ஆனால் முதலாளிக்கு அக்கறை பிறந்துவிட்டால் தொழிலாளி கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும் என்பதை அந்த மனுசனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கம்பனி தெற்கு லண்டனில், கொலியர்ஸ் வுட்டில் இருந்தது. பெயர் பிளம்ரிட்ஜ். தொண்ணூறு வருடமாகக் கடித உறை செய்துவந்தது, அதிலும் முக்கியமாக ஜன்னல் வைத்த உறை. வங்கிக் கடிதம், காஸ் பில், கவுன்சில் அனுப்பும் சிவப்பெழுத்து எச்சரிக்கை என்று மனிதர் திறக்கப் பயப்படும் எல்லாமே அந்த ஜன்னல் வழியாகத்தான் பெயரைக் காட்டும். அதில் கண்ணாடித்தாள் நேராக ஒட்டியிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது செல்வரத்தினத்தின் வேலை. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், பத்தொன்பது வருடம் பைல் புரட்டிய கண் அது. எண்பத்து நான்கில் அவர் லண்டனுக்கு வந்தபோது அந்தக் கண்ணைத் தவிர அவருடைய வேறு எந்தத் தகைமையையும் இங்கே யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

தொண்ணூற்றிரண்டு ஜனவரியில், மூன்று நாளாக உறையெல்லாம் ஒரே அழுக்காக வருகிறது என்று அவர் மெஷின்காரனிடம் முறையிட்டார். மெஷின்காரன் ஓர் உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு செல்வரத்தினத்தின் முகத்தைப் பார்த்தான். உறையை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த வெள்ளிக்கிழமையே அவர் டாக்டரிடம் போனார்.

அரசாங்க ஆஸ்பத்திரி நிபுணர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, புரை இன்னும் முற்றவில்லை, முற்றிய பிறகு வாருங்கள் என்றார். முற்ற எவ்வளவு காலம் ஆகும்? ஒரு வருடம், ஒன்றரை வருடம். முற்றினால் உடனே வெட்டுவீர்களா? முற்றினால் உடனே பெயரைப் பதிவோம், பதிந்த பிறகு வரிசை ஒன்றரை வருடம். பணம் கட்டினால் தனியார் ஆஸ்பத்திரியில் அதே நிபுணர் வருகிற வியாழக்கிழமையே வெட்டுவார், ஆயிரத்து எண்ணூறு பவுண். பணம் கட்டுகிறவனுக்குப் புரை சீக்கிரமாக முற்றிவிடும் போலிருக்கிறது.

செல்வரத்தினத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. கண் போனால் வேலை போகும், இந்த வயதில் கண் போன கச்சேரிக் கிளாக்கருக்கு இன்னொரு வேலை லண்டனில் எவனும் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. வீட்டுக் கடன் முடிய இன்னும் பதினொரு வருடம் இருந்தது. மனுசன் வலது கண்ணால் உறை பார்த்தபடி வேலைக்கு வந்துபோனார்.

இந்த நேரத்தில்தான் பிளம்ரிட்ஜை ஓர் அமெரிக்கக் கம்பனி வாங்கியது. ஆளணிப் பிரிவின் பெயர்ப்பலகை கழன்று, மனிதவளப் பிரிவு என்ற புதுப் பலகை வந்தது. உள்ளே இருந்தவர் பழைய ஆள்தான், மிஸ்டர் ஸ்டோக்ஸ். அவர் நானூறு தொழிலாளரையும் கன்ரீனில் கூட்டி, அட்டையில் ஓர் ஆப்பிள் படம் போட்ட புத்தகத்தை ஆளுக்கொன்று கொடுத்தார். நெகிழ்வு நலக் கணக்கு என்று அதற்குப் பெயர்.

“உங்கள் ஆரோக்கியம் இனி உங்கள் கையில்,” என்றார் மிஸ்டர் ஸ்டோக்ஸ். “இவ்வளவு காலமும் அந்தப் பாரத்தைக் கம்பனி சுமந்தது. இன்று அதை மிகுந்த மகிழ்ச்சியோடு உங்களிடம் திருப்பித் தருகிறோம். மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் இருபத்தைந்து பவுண் கழிப்போம். கம்பனியும் இருபத்தைந்து போடும். பல்லுக்கு, கண்ணாடிக்கு, தனியார் டாக்டருக்கு, வருடத்தில் அறுநூறு பவுண் வரைக்கும் நீங்கள் எடுக்கலாம். அறுநூறுதான் உச்சவரம்பு. உச்சவரம்பு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எல்லையில்லாத இடத்தில் நோய் பரவும். எல்லை வைத்த இடத்தில் நோய் யோசிக்கும்.”

சேர்வது கட்டாயமா என்று ஒருவன் கேட்டான். சேர்வது முழுக்க முழுக்க உங்கள் விருப்பம், ஆகவே எல்லாரையும் சேர்த்துவிட்டோம், விலகுவதற்கான படிவம் தயாராகிறது என்றார் மிஸ்டர் ஸ்டோக்ஸ். அந்தப் படிவம் இந்தக் கதை முடியும் வரைக்கும் தயாராகிக்கொண்டே இருந்தது.

பிளம்ரிட்ஜில் தமிழர் பதினொரு பேர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஸ்ட்ரெதமில் சூசைதாசனுடைய வீட்டு முன்னறையில் கூடினார்கள். சூசைதாசன் மன்னார்க்காரன், நாற்பது வயது, கிடங்கில் உறைப்பெட்டி தள்ளுகிறவன். இரண்டு வருடமாக அவனுக்குக் குடலிறக்கம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் நாள் கொடுத்து இரண்டு தரமும் கட்டில் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்டி கட்டுகிற பெர்னடெற்றுக்கு வலது பக்கத்துக் கடைவாயில் ஒழுங்கான பல் கிடையாது. மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வருத்தம் இருந்தது.

“பத்தொன்பதாம் பக்கத்தை ஒருக்கா வாசியுங்கோ அண்ணை,” என்றாள் பெர்னடெற்.

செல்வரத்தினம் புத்தகத்தை வலது கண்ணுக்கு நேரே பிடித்து, வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். “செலவழிக்காத காசு பொது நிதியில சேரும். அது பிறகு எல்லாரின்ர நலத்துக்கும் பாவிக்கப்படும்.”

பதினொரு தலைக்குள்ளும் ஒரே நேரத்தில் ஒரே வெளிச்சம்.

“இது சீட்டெல்லோ,” என்றான் சூசைதாசன்.

அவர்களுக்குச் சீட்டை விளக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் மாதாமாதம் கட்டுவது, முறை வந்தவன் மொத்தக் காசையும் எடுப்பது, எடுத்த பிறகும் கடைசிவரை ஒழுங்காகக் கட்டுவது. லண்டனில் அவர்கள் வாங்கிய வீட்டுக்கு முற்பணம், தம்பியைக் கூப்பிட ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்தது, தங்கச்சியின் தாலிக்கொடி எல்லாம் சீட்டில் வந்தவை. காகிதமோ கையெழுத்தோ கிடையாது. ஏமாற்றியவன் அடுத்த நாள் விம்பிள்டன் கோயிலிலோ தேவாலயப் பூசையிலோ முகம் காட்ட முடியாது, அதுதான் சட்டம். கடைசியில் வெள்ளைக்காரனும் சீட்டைக் கண்டுபிடித்துவிட்டான் என்று அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதுவும் சீட்டு நடத்துகிறவனே தன் கைக்காசையும் போடுகிற சீட்டு. ஊரில்கூட அப்படி ஒருவன் பிறக்கவில்லை.

ஆகவே திட்டம் போட்டார்கள். ஒரு வருடத்துக்கு ஒருவரும் ஒரு பவுணும் தொடுவதில்லை. வருட முடிவில் பதினொரு அறுநூறும் சேரும், அதில் மூன்று பேர் பெரிய காரியம் பார்க்கலாம். அடுத்த வருடம் இன்னும் மூன்று பேர். பிஸ்கட் ரின்னில் பெயர்களைப் போட்டுக் குலுக்கினார்கள். முதல் பெயர் சூசைதாசனுக்கு விழுந்தது.

“என்ர முறையைச் செல்வண்ணைக்குக் குடுங்கோ,” என்றான் அவன். “கண் போனா அவருக்கு வேலை போயிடும். எனக்குக் குடல்தானே, பெல்ற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிண்டிடுவன்.”

“அது சரியில்லைத் தம்பி. விழுந்த முறையை நீ எடு.”

“ஏலாது அண்ணை. ஹோம் ஒபிசுக்கு எனக்கு அகதிக் கேஸ் எழுதித் தந்தது ஆர்? அண்டைக்கு நீங்கள் என்னட்டை ஒரு சதம் வாங்கேல்லை. பேசாமல் எடுங்கோ.”

செல்வரத்தினம் வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தார். மற்றவர்களும் சரியென்றார்கள். பெர்னடெற் தேத்தண்ணி கொண்டுவந்தாள், தான் மட்டும் அதை இடது பக்கமாக வைத்துக் குடித்தாள்.

அந்த வருடம் பிளம்ரிட்ஜின் பதினொரு தமிழரும் நோயை ஒரு விரதம் போல அனுட்டித்தார்கள். பல்வலிக்குக் கராம்பு கடித்தார்கள். முதுகுவலிக்கு ஈஸ்ட் ஹாமில் தைலம் வாங்கினார்கள். சூசைதாசன் பெட்டி தள்ளும்போது ஒரு கையால் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு மறு கையால் தள்ளப் பழகினான். ஒருவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கால் முறிந்தது, அதை உறைப் பசையால் ஒட்டிப் போட்டுக்கொண்டான். காசு ஒரு பக்கம் சேர்கிறது என்ற நினைப்பு எல்லா வலிக்கும் மேல் ஒத்தடமாக இருந்தது.

டிசம்பரில் செல்வரத்தினம் தன் கச்சேரி ஆங்கிலம் முழுவதையும் திரட்டி மனிதவளப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கீழே ஒப்பமிட்ட பதின்மரும் தத்தமது முறையை மனமுவந்து விட்டுக்கொடுத்து, இவ்வருடத்து முதலாம் தொகையைத் திரு. செல்வரத்தினம் அவர்களின் இடது கண்ணுக்கு வழங்கியருளும்படி பணிவன்புடன் வேண்டுகிறோம் என்று அதில் இருந்தது. பத்துக் கையெழுத்தும் வரிசையாக இருந்தன.

மிஸ்டர் ஸ்டோக்ஸ் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்கலங்கினார். செல்வரத்தினத்தை மேலே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு கடிதத்தை நான் கண்டதில்லை. பதினொரு பேர். முழு வருடம். ஒரு பவுண்கூட எடுக்கவில்லை. அதை எழுத்தில் வேறு தந்திருக்கிறீர்கள்.”

“நன்றி ஐயா. எனது கண்ணுக்கான காசு எப்போது கிடைக்கும்?”

“எந்தக் காசு?”

“பொது நிதியில் சேர்ந்த காசு.”

“அது சேர்ந்துவிட்டது.”

“எங்கே ஐயா சேர்ந்தது?”

“பொதுவில். அதாவது கம்பனியில்.”

“எல்லாருடைய நலத்துக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது.”

“நிச்சயமாக. கம்பனி நலமாக இருந்தால்தானே எல்லாரும் நலமாக இருக்கலாம்,” என்றார் மிஸ்டர் ஸ்டோக்ஸ். “போன வாரம்தான் கம்பனியைப் பரிசோதித்தோம். மிகவும் நலமாக இருக்கிறது.”

செல்வரத்தினம் தலையைக் குனிந்தார். மிஸ்டர் ஸ்டோக்ஸ் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, உச்சவரம்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதியாக அவரை அந்த இடத்திலேயே நியமித்தார். எடுக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், எடுக்காமல் இருக்கத் தெரிந்த ஒருவரைத்தான் குழு தேடிக்கொண்டிருந்தது என்றார்.

கீழே வந்து செல்வரத்தினம் நடந்ததைச் சொன்னார். ஒருவரும் அவரை ஏசவில்லை. சீட்டுக்காரன் காசோடு ஓடினால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும், வீடு தேடிப் போவார்கள். இவன் ஓடவில்லை, மூன்றாம் மாடியில் தன் பெயர்ப்பலகையோடு இருந்தான்.

“கொமிற்றியில போய் இருங்கோ அண்ணை,” என்றான் சூசைதாசன். “உள்ளுக்கை ஒராள் இருந்தால்தானே கேக்கலாம்.”

தொண்ணூற்று மூன்று ஜனவரியில் குழு கூடியது. ஏழு பேர். ஆறு பேர் நிர்வாகம், ஏழாமவர் செல்வரத்தினம். மேசையில் மூன்று வகைப் பிஸ்கட் இருந்தது. மிஸ்டர் ஸ்டோக்ஸ் சுவரில் ஒரு வரைபடத்தைத் தொங்கவிட்டார்.

“உச்சவரம்பை நாம் நிர்ணயிப்பதில்லை. உங்கள் தேவைதான் நிர்ணயிக்கிறது. சென்ற வருடம் ஏற்றுக்கொள்ளப்பட்ட கோரிக்கைகளில் ஒன்றுகூட அறுநூறைத் தாண்டவில்லை. அறுநூறு தாராளமாகப் போதும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.”

“அறுநூறைத் தாண்டினதை நீங்கள் ஏற்றுக்கொள்ளவில்லையே ஐயா,” என்றார் செல்வரத்தினம்.

“அதைத்தான் நானும் சொல்கிறேன்,” என்றார் மிஸ்டர் ஸ்டோக்ஸ் சந்தோசமாக. “ஒன்றுகூடத் தாண்டவில்லை. அதுமட்டுமல்ல, பதினொரு பேர் கொண்ட ஒரு பகுதியில் தேவை பூச்சியம் என்று கையெழுத்தோடு வந்திருக்கிறது. ஆகவே சராசரித் தேவை இருநூற்று நாற்பது. புதிய உச்சவரம்பு இருநூற்று நாற்பது.”

அப்படியானால் மாதக் கழிவும் குறையுமா என்று செல்வரத்தினம் கேட்டார். ஆறு பேரும் அவரை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

“சேமிப்பு ஒரு நற்குணம்,” என்றார் மிஸ்டர் ஸ்டோக்ஸ். “நற்குணத்துக்கு யாராவது உச்சவரம்பு வைப்பார்களா? அது தொடரும்.”

குழுவிலுள்ள ஐயாமாருக்கும் இதே இருநூற்று நாற்பதுதானா என்று அவர் அடுத்ததாகக் கேட்டார். நிர்வாகிகளுக்கு இந்தக் கணக்கு இல்லை, தனிக் காப்புறுதி, அதற்கு உச்சவரம்பு கிடையாது என்று பதில் வந்தது. நிர்வாகிகள் தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள் என்று மிஸ்டர் ஸ்டோக்ஸ் விளக்கி, இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

செல்வரத்தினம் எழுந்து நின்றார். கச்சேரியில் அரசாங்க ஏஜென்ருக்கு முன்னால் நிற்பது போல நின்றார். “எனது இடது கண் மறைந்துகொண்டு போகிறது,” என்றார். “எனக்கு ஆயிரத்து எண்ணூறு பவுண் தேவை. இதைச் சொல்லத்தான் இந்தக் குழுவுக்கு வந்தேன்.”

மிஸ்டர் ஸ்டோக்ஸின் முகம் வாடியது. அவர் காரியதரிசியைப் பார்த்தார். மிஸ் பென்விக் என்ற அந்தப் பெண்தான் தினமும் காலையில் வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் சுகம் விசாரிக்கிறவள். அவள் ஒரு பைலைத் திறந்தாள்.

“சென்ற வருடம் இருநூற்று முப்பத்தொரு நாள் திரு. செல்வரத்தினத்திடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். இருநூற்று முப்பது நாள், நல்ல சுகம், மிக்க நன்றி என்றார். ஒருநாள் மட்டும், நல்ல சுகம், நீங்கள் எப்படி என்றார்.”

அது அவர் படித்த ஆங்கிலம். யாழ்ப்பாணத்திலும் வாசலில் கேட்கிறவர்களிடம் வருத்தம் சொல்லுகிற பழக்கம் கிடையாது. அது மரியாதை என்றுதான் அவர் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். இருநூற்று முப்பத்தொரு தரம் தன் கண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

குழு உறுப்பினர் ஒருவரின் சொந்த உறுப்பைப் பற்றி அவர் முன்னிலையில் விவாதிப்பது முறையல்ல என்று அவரை வெளியே இருத்தினார்கள். அறைக்கு வெளியே நடைவழியில் ஒரு கதிரையில் இருபது நிமிடம் இருந்தார். உள்ளே யாரோ சிரித்தார்கள். பிறகு இருநூற்று நாற்பது உச்சவரம்புக்கு வாக்களிக்கக் கூப்பிட்டார்கள். அவர் எதிர்த்துக் கை தூக்கினார். அது சுயநலம் கலந்த வாக்கு என்பதால் கணக்கில் எடுக்கப்படவில்லை, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

எடுக்காவிட்டால் குறைக்கிறார்கள் என்ற பாடத்தைத் தமிழர் படித்துக்கொண்டார்கள். ஆகவே அந்த வருடம் எடுத்தே தீருவது என்று முடிவானது. தேவை கூடினால் உச்சவரம்பு கூடும், கூடினால் அண்ணைக்குக் கண் வெட்டலாம். ஆனால் அனுமதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் அறுவைச் சிகிச்சை இருநூற்று நாற்பதுக்குள் அடங்கவில்லை, பல் ஒன்றரைதான் அடங்கியது. அடங்கியதை வாங்கினார்கள். டிசம்பர் மாதத்தில் பதினொரு பேரும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்கள், அதில் ஏழு பேருக்குக் கண் நன்றாகத் தெரியும், கண்ணாடி போட்ட பிறகுதான் படியில் தடுக்கினார்கள். பெர்னடெற் ஒரு சோடி ஊன்றுகோல் எடுத்தாள். சூசைதாசனுக்கு மூன்று பெல்ற் கிடைத்தது, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினான். குடல் கீழே இறங்குவதை எந்தப் பெல்ற்றாலும் தடுக்க முடியவில்லை. சிலநாள் மத்தியானத்தில் அவன் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நிலத்தில் படுத்திருந்துவிட்டு வருவான்.

செல்வரத்தினம் அந்த வருடம் கண்ணால் வேலை செய்யவில்லை, பெருவிரலால் செய்தார். ஜன்னல் விளிம்பைத் தடவினால் பசை வழிந்தது தெரியும். கீறல்தான் விரலுக்கு அகப்படாது. வலது கண்ணும் மெல்ல மங்கத் தொடங்கியிருந்தது. அதை அவர் மனைவி தவமலருக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் சோற்றுக் கோப்பையில் மீன்முள் எடுத்துத் தரத் தொடங்கியபோதுதான் அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தது.

தொண்ணூற்று நான்கு ஜனவரியில் மறுபடி குழு கூடியது. அதே வரைபடம், அதே பிஸ்கட்.

“சென்ற வருடம் எல்லாரும் கடைசிப் பவுண் வரைக்கும் எடுத்திருக்கிறார்கள்,” என்றார் மிஸ்டர் ஸ்டோக்ஸ். குரலில் துக்கம் இருந்தது. “இது தேவையல்ல. இது பசி. பசியை வளர்ப்பது மனிதவளப் பிரிவின் பணியல்ல. புதிய உச்சவரம்பு முப்பது பவுண் என்று முன்மொழிகிறேன். பல், குடலிறக்கம், கண் ஆகியன பட்டியலிலிருந்து நீங்கும். இருமல் மருந்து தொடரும்.”

இந்த முறை ஒரு சிக்கல். அமெரிக்கத் தலைமையகம் ஏகமனது போதாது, தொழிலாளர் பிரதிநிதியின் கையெழுத்தும் வேண்டும் என்று எழுதியிருந்தது. கையெழுத்து இல்லாவிட்டால் பழைய இருநூற்று நாற்பதே தொடரும். மிஸ்டர் ஸ்டோக்ஸ் மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“மார்ச் மாதம் உறை பார்க்கும் எல்லாருக்கும் பார்வைப் பரிசோதனை வருகிறது. உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் ஐயா.”

“நீங்கள் தேற மாட்டீர்கள். அது எனக்குத் தெரியும்.” அவர் பேனாவை மேசையில் உருட்டினார். “கம்பனி இரக்கமில்லாததல்ல. இடர்ப்பாட்டு விதிவிலக்கு என்று ஒன்று இருக்கிறது. ஒரு தொழிலாளிக்கு, ஒரே ஒரு தடவை, முழுச் செலவு. ஆனால் விதியை மற்றவர்களுக்கு இறுக்கினால்தானே விதிவிலக்குக்கு இடம் உண்டாகும். நான் ஒளிக்காமல் சொல்கிறேன், உங்களை நான் மதிக்கிறேன். நானூறு பேருடைய இருநூற்றுப் பத்து பவுணில் உங்கள் கண் வெட்டப்படும். மீதி கம்பனிக்கு. இரண்டு கண்ணையும் வெட்டலாம், அது என் தனிப்பட்ட பரிசு.”

நாளை பதில் சொல்கிறேன் என்றார் செல்வரத்தினம்.

வீட்டில் தவமலர் கறிக்குக் கோவா இலையை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிஸ்கட் ரின்னில் முதல் பெயர் யாருக்கு விழுந்தது என்பதையும் அன்றைக்குத்தான் முதல் தரமாகச் சொன்னார்.

“சூசை என்ன சொல்லுறான்?” என்று அவள் கேட்டாள்.

“அவனுக்கு இன்னும் சொல்லேல்லை.”

“சொல்லுவியளோ?”

அவள் கத்தியை வைத்தாள்.

“உங்கட கண், உங்கட சிநேகிதர். என்னைக் கேளாதேங்கோ. நான் வேண்டாம் எண்டால் நாளைக்கு உங்களைக் கையில பிடிச்சுக்கொண்டு திரியப் போறது நான். கையெழுத்து வையுங்கோ எண்டால் பெர்னடெற்றைக் கண்டு ஒளிக்கப் போறதும் நான்.” மறுபடி கோவாவை எடுத்தாள். “எப்பிடியும் அவங்கள் வெண்டிட்டாங்கள்.”

அடுத்த நாள் காலை அவர் கையெழுத்து வைத்தார். கோடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மிஸ் பென்விக் அவருடைய விரலை மெதுவாகப் பிடித்து இடத்தைக் காட்டினாள். அவளுக்கும் அவர்மேல் உண்மையாகவே இரக்கம் இருந்தது, அந்த நிறுவனத்தில் இரக்கத்துக்கு ஒரு குறைவும் இருக்கவில்லை.

சொன்ன சொல்லைக் கம்பனி காப்பாற்றியது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். பெப்ரவரியில் தனியார் ஆஸ்பத்திரியில், ஜன்னலடிக் கட்டில் கொடுத்து, இடது கண்ணை வெட்டினார்கள், இரண்டு நாள் கழித்து வலது கண். அதே பழைய நிபுணர்தான். அருமையாக முற்றியிருக்கிறது என்று பாராட்டினார். சூசைதாசன் ஒரு பை தோடம்பழத்தோடு பார்க்க வந்தான். அரசாங்கம் கடைசியில் கூப்பிட்டுவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தான், செல்வரத்தினமும் அப்படியே நினைக்க விட்டுவிட்டார். கண் இரண்டிலும் கட்டுப் போட்டிருந்ததால் அவனுடைய முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“எங்களில ஒராளுக்கெண்டாலும் சரி வந்திட்டுது அண்ணை,” என்றான் சூசைதாசன். போகும்போது கதவடியில் கொஞ்ச நேரம் நின்று மூச்சுவிட்டுப் போனான்.

மார்ச் பரிசோதனையில் செல்வரத்தினம் கடைசி எழுத்து வரை வாசித்தார். மிஸ்டர் ஸ்டோக்ஸுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. அமெரிக்காவிலிருந்து தலைமையகத்தார் இருவர் வந்திருந்தார்கள். நெகிழ்வு நலக் கணக்கு ஒரு மனிதனுக்கு என்ன செய்தது என்பதை அவர்கள் நேரில் காண வேண்டும் என்று நானூறு பேரையும் கன்ரீனில் கூட்டினார். புதிய உச்சவரம்பு அறிவித்தலை இதுவரை ஒருவருக்கும் காட்டியிருக்கவில்லை. செல்வரத்தினத்தை மேடைக்கு ஏற்றி, அந்த அறிவித்தலை அவர் கையில் கொடுத்து, கண்ணாடி இல்லாமல் வாசிக்கச் சொன்னார்.

“சிறிய எழுத்து,” என்று அமெரிக்கர்களிடம் பெருமையாகச் சொன்னார். “வேண்டுமென்றே சிறிதாக அச்சிட்டோம்.”

செல்வரத்தினம் கடதாசியைப் பார்த்தார். தெரியவில்லை என்று சொல்லலாம். எழுத்து மங்குகிறது, இன்னும் ஆறவில்லை என்று சொல்லலாம். பரிசோதனையில் தேறி ஒரு கிழமைதான் ஆகிறது, தெரியவில்லை என்றால் வேலை போகும். அவர் தொண்டையைச் செருமினார்.

வாசித்தார். கச்சேரியில் வர்த்தமானி வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் பிசகாமல் வாசித்தார். உச்சவரம்பு முப்பது பவுண். மாதக் கழிவு மாற்றமின்றித் தொடரும். பல் நீக்கப்படுகிறது. குடலிறக்கமும் அதற்கான பெல்ற்றும் நீக்கப்படுகின்றன. கண் நீக்கப்படுகிறது. அமெரிக்கர் இருவரும் தலையை ஆட்டினார்கள். கடதாசியின் அடியில் தொழிலாளர் சார்பாக ஒப்பமிட்டவர் என்று ஒரு வரி இருந்தது, அதற்குக் கீழே கோட்டை விட்டு விலகிய ஒரு கையெழுத்து.

“அதையும் வாசியுங்கள்,” என்றார் மிஸ்டர் ஸ்டோக்ஸ் உற்சாகமாக. “முழுவதையும்.”

அவர் தன் பெயரை வாசித்தார்.

மிஸ்டர் ஸ்டோக்ஸ் கைதட்டினார், நிர்வாகிகள் சேர்ந்து தட்டினார்கள். செல்வரத்தினம் நிமிர்ந்தார். கன்ரீன் நீளமானது, முன்பெல்லாம் நாலாம் மேசைக்கு அப்பால் அவருக்கு ஆள் அடையாளம் தெரியாது. இப்போது பின்சுவர் வரைக்கும் தெரிந்தது. பெர்னடெற் கன்னத்தில் கை வைத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சூசைதாசன், அடிவயிற்றில் ஒரு கையோடு, சுவரில் சாய்ந்து நின்றான். அவன் கோபப்படவில்லை. அண்ணை பிழையாக வாசித்திருப்பார், கண் இன்னும் சரியாக ஆறியிருக்காது என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவ்வளவு தூரத்திலும் அவனுடைய உதடு அசைவது ஒவ்வொரு சொல்லாக அவருக்குத் தெரிந்தது.